எந்த ஊர்த் துகள்?

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்குக் காகித வேலை. பெட்டி எந்த நாட்டிலிருந்து கிளம்பியது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். காலியாக விட்டால் ஃபைல் நகராது. தெரியாவிட்டால், கப்பல் கடைசியாக நின்ற ஊரைப் போட்டுத் தள்ளிவிடுவோம். எங்கள் காகிதத்தை நம்பினால், உலகத்துச் சாமானில் பாதி கொழும்பில்தான் விளைகிறது.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல் வந்தது. வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

முந்தின ஞாயிறு மீன் கழுவியபடியே என்னிடம் ஒப்பித்துப் பார்த்தாள். வானத்திலிருந்து துகள்கள் விழுந்துகொண்டே இருக்கின்றனவாம். அதில் சிலவற்றுக்கு அசுர பலம். நம் பால்வெளி மண்டலத்துக்கே வெளியிலிருந்து வருகின்றனவாம். அவற்றிலேயே மிகப் பலசாலியானது, ஒரு சதுர கிலோமீட்டரில் நூறு வருடத்துக்கு ஒன்று விழுந்தால் பெரிது. அடேயப்பா என்றிருந்தது எனக்கு. எண்ணூர்ப் பக்கம் மேலிருந்து அனல்மின் நிலையச் சாம்பலைத் தவிர வேறெதுவும் விழும் என்று நான் நினைத்ததே இல்லை.

“எங்கேந்து வருது?”

“அதான் தெரியாது. வழியில காந்தப்புலம் அத்த வளைச்சு வுட்டுடுது. வந்து வுழுற திக்கு வேற, கெளம்புன எடம் வேற. கருந்துளைன்றாங்க, நட்சத்திரம் கொத்துக்கொத்தா பொறக்குற காலக்ஸின்றாங்க. ஒண்ணும் முடிவாவல.”

எனக்கு எரிச்சலாக வந்தது. “தெர்லன்னு சொன்னா சீட்டு குடுப்பாங்களா? ஏதாச்சும் ஒரு பேரப் போட்டு வுடுமே!”

“யோவ், இது இன்னா உன் பெட்டியா?” என்று சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் பயந்திருந்தாள். நானும் விடாமல் மூன்று நாள் அதையே சொன்னேன்.

நேர்காணலன்று எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“நீ சொன்னா மாரியே ஒரு பேரப் போட்டு, கருந்துளைதான்னு அடிச்சு சொன்னேன். எப்டித் தெரியும்னு கேட்டாங்க.”

எனக்கு உயிரே போய்விட்டது. பாவி, நானே கெடுத்தேனே! “அப்பால?”

“தப்பா சொல்லிட்டேன் சார், எங்கேந்து வருதுன்னு எனக்குத் தெரியாது, தெரியாததாலதான் இங்க வந்தேன்னேன்.”

“அதுக்கு இன்னா சொன்னாங்க?”

“எங்களுக்கும் தெரியாதும்மா, வந்து சேரு, சேந்து தேடலாம்னாங்க.”

நான் அழுதுவிட்டேன். அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருந்தது.