ஐந்தாம் பாகத்தில் பேய் இல்லை

செகந்திராபாத்தில் காலைக் காட்சிக்குப் போயிருந்தேன். பேய்ப் படத்தின் ஐந்தாம் பாகம். பயந்தாங்கொள்ளி நான், எப்போதும் வாசலோரமாகத்தான் உட்காருவேன். பக்கத்தில் பட்டான்செரு தொழிற்பேட்டைக் கம்பெனிச் சீருடையோடு ஒரு நரைத்த மனிதர் இருந்தார். திகில் இசை எழும்போதெல்லாம் நான் கண்ணை மூடினேன். அவரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். கடைசியில், நாலு பாகமாக வந்த பேய் வெறும் மனப்பிரமை என்று முடித்துவிட்டார்கள்.

"ஏமாத்திட்டாங்கம்மா," என்றார் அவர்.

"பேய் இல்லேன்னா நல்லதுதானே அண்ணா?"

"என் பொண்ணு செத்து எட்டு மாசம். போனவங்க திரும்பி வருவாங்கன்னு இந்தப் படமாவது சொல்லிட்டிருந்துச்சு."

விளக்கு எரிந்தும் அவர் எழவில்லை. பேய் இல்லை என்று யார் சொன்னாலும் எனக்கு நிம்மதியாக இருக்கும். அன்று இல்லை.