டன்னிகன் உச்சியில் இல்லாத கையெழுத்து

வெண்டல் உர்கிசா எங்கள் ஊரில் முப்பத்தொரு வருடம், வீடுகளைச் சூடாக்கும் கேஸ் கொண்டுவரும் லாரி ஓட்டினார். நெவாடாவில் எங்கள் ஊர் மாதிரி ஒதுங்கிக் கிடக்கும் ஊரில், குளிர்காலத்தில் பாதிரியாரைவிட கேஸ்காரரைத்தான் ஜனங்கள் அதிகம் எதிர்பார்ப்பார்கள். கல்யாணம் ஒரு தடவை செய்துபார்த்து ஒத்துவராமல் விட்டுவிட்டார். பிறகு மலை பிடித்துக்கொண்டது.

கூடப் போகிறவர் ஓரின் ட்வைட். பள்ளிக்கூடத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என் டயர் கடைக்கு இருவரும் சேர்ந்துதான் வருவார்கள், சேர்ந்துதான் சண்டை போடுவார்கள்.

"இவன் ஓட்டுன வண்டியில டயர் மட்டுமா தேயும்? கூட உக்காந்திருக்கிறவன் ஆயுசும் தேயும்" என்பார் ஓரின்.

"நடந்து வாயேன். யாரு வேணாம்னா?" என்பார் வெண்டல்.

எங்கள் பக்கத்து மலைகளில் மரம் இல்லை, பாதை இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீரை முதுகில் சுமந்துபோய், திரும்பி வரும்போது குடிக்கப் பாதிவழியில் பாறைக்கு அடியில் இரண்டு கேன் ஒளித்துவைத்துவிட்டு ஏறவேண்டும். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டால் பட்டியல் என்பார்கள். பாலைவனத்துச் சிகரங்கள் தொண்ணூற்றாறு கொண்ட பட்டியல் ஒன்று இந்த மலைப் பைத்தியங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு உச்சியிலும் கற்குவியலுக்குள் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு, பென்சில். ஏறியவர் பெயரும் தேதியும் எழுத வேண்டும். ஏறாதவர் எழுதினால் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். ஒருவர் பெயரை இன்னொருவர் எழுதுவதும் கூடாது. அவர்களுக்கு அந்த நோட்டுதான் கோர்ட்டு.

பத்தொன்பது வருடத்தில் இருவரும் எண்பத்தெட்டு முடித்திருந்தார்கள். எண்பத்தொன்பதாவது டன்னிகன். அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஏறினார்கள். உச்சிக்கு மேற்கே, ஆயிரத்து இருநூறு அடி கீழே, இரண்டு முகடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில், வெண்டலின் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

"நீ போயிட்டு வா. நான் மெதுவா கார்கிட்ட எறங்குறேன்" என்றாராம்.

"நீ இல்லாம நான் மட்டும் போயி அங்க என்னத்த செய்ய?"

"இவ்ளோ தூரம் வந்துட்டுத் திரும்புவியா? கிழவா, கல்லத் தொட்டுட்டு வந்து சேரு. நாளைக்கே உனக்கும் முட்டி போயிடும்."

அதுவரை ஒருவரை விட்டு ஒருவர் உச்சிக்குப் போனதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

பொழுது சாயும்வரை ஓரின் வரவில்லை. வெண்டல் வீங்கிய காலோடு நாற்பது மைல் மண்பாதையில் காரை விரட்டிவந்து ஷெரிப் ஆபீசுக்குச் சொன்னார். தேடுகிற தன்னார்வக் குழுவில் நானும் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஹெலிகாப்டர் என்னையும் இன்னொருவனையும் டன்னிகன் உச்சியில் இறக்கிவிட்டது. காற்று ஆளைத் தள்ளியது. முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து நோட்டைப் பார்த்தேன். கடைசிக் கையெழுத்து மார்ச் மாதத்தது, ரீனோ நகரத்து ஜோடி ஒன்று போட்டது. ஓரின் பெயர் இல்லை.

கீழே அடிவாரத்தில் போட்டிருந்த தேடுதல் முகாமில் இருந்த வெண்டலிடம் வாக்கிடாக்கியில் சொன்னேன்.

"நல்லாப் பாத்தியா? கடைசிப் பக்கம்?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன். அவரு பேரு இல்லீங்க."

"அப்ப அவன் மேல வரல. உச்சியத் தொட்டுட்டுக் கையெழுத்துப் போடாம எறங்குற ஜாதி இல்ல அவன். பள்ளத்துக்கும் உச்சிக்கும் நடுவுலதான் எங்கயோ கெடக்கான். மேக்குப் பக்கம் தேடுங்க."

ஷெரிப் ஆபீஸ் அதிகாரி மேப்பை மடித்துப் பிடித்து மேற்குப் பக்கத்தை மட்டும் கட்டம் கட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓரினை வெண்டலைவிடத் தெரிந்தவர் யார்? வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் முப்பது பேர் ஒவ்வொரு பிளவாக நுழைந்து பார்த்தோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. வெண்டல் முகாமில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடாமல் தூங்காமல் மலையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஓரினின் மனைவி மார்லீன் அலாஸ்காவில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பனிப்புயலில் விமானம் இல்லை. திங்கட்கிழமை காலையில்தான் முகாமுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததும் ஏன் கிழக்குப் பக்கம் யாரும் போகவில்லை என்று கேட்டாள். அதிகாரி நோட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவள் வெண்டல் பக்கம் திரும்பினாள். "வெண்டல், நீ கூட இல்லாம அவரு எப்பிடிக் கையெழுத்துப் போடுவாரு?"

வெண்டல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

"யாரு முந்தி வந்தாலும் மத்தவன் வர்றவரைக்கும் பெட்டியத் தொடக்கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட? உன்னால குளிருல வெறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு எத்தனை தடவை வீட்ல வந்து பொலம்பியிருக்காரு!"

உண்மைதான். முதல் சிகரத்தில் ஓரின் முந்திக்கொண்டு பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதிவிட்டாராம். வெண்டல் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. பத்தொன்பது வருடத்துப் பழக்கம், மூச்சு விடுகிற மாதிரி. அதனால்தான் அது வெண்டலின் ஞாபகத்துக்கே வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஹெலிகாப்டர் கிழக்கே திரும்பிய நாற்பதாவது நிமிடம் ஓரின் கிடைத்தார். உச்சிக்கு நானூறு அடி கீழே, துருத்திய பாறையின் நிழலில். ஏறிவந்த வழியில் சரளை அதிகம், கிழக்கே இறங்கிச் சுற்றிவரலாம் என்று நினைத்திருப்பார். கணுக்கால் முறிந்திருந்தது. மஞ்சள் சட்டையை வெளியே விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். உயிர் போய் ஒரு நாள்கூட ஆகியிருக்காது என்றார் டாக்டர்.

அவர் கேமராவில் உச்சியில் எடுத்த படங்கள் இரண்டு. இரண்டிலும் மூடிய தகரப்பெட்டி. இரண்டுக்கும் நடுவில் ஐம்பது நிமிடக் காத்திருப்பு.

மார்லீன் யாரையும் திட்டவில்லை. அடக்கம் முடிந்ததும் அலாஸ்காவுக்கே போய்விட்டாள். வெண்டல் மலைப்பக்கம் போவதை நிறுத்தினார், பிறகு வெளியே வருவதையும் நிறுத்தினார். பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிச் சொல்லி அவரைக் கொன்றார்கள். நானும் ரொட்டியும் பீன்ஸும் எடுத்துக்கொண்டு போய் அதையேதான் சொன்னேன், வெட்கமில்லாமல்.

போன மாதம் ஒருநாள் அவர் கேட்டார்: "வெள்ளிக்கிழமை காலையில நீ மேல நின்னப்ப அவன் உசுரோடதானே இருந்தான்?"

"ஆமாங்க."

"கிழக்க பாத்து ஒரு சத்தம் போட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். காற்றில் கேட்டிருக்காது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"இல்லீங்க. நோட்டுல பேரு இல்லன்னதும் பெட்டிய மூடிட்டேன்."

வெண்டல் தலையை ஆட்டினார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக என் முன்னால் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நீ மட்டும் வா" என்றார். "மத்தவங்க யாரையும் வரவேணாம்னு சொல்லிரு."