வெறும் வயிற்றில் வரவும்

ரத்தப் பரிசோதனைச் சீட்டின் தலையில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: வெறும் வயிற்றில் வரவும். அக்காவுக்குப் படித்துக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுக்கு ஒரு சீட்டா? நம்ம வூட்ல சீட்டே இல்லாம அப்டித்தானே குந்திகினு இருந்தோம்!" நானும் சிரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் அப்படித்தான். சிரிக்கக் காரணமே வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் பேஜார்.

அக்காவுக்கு வேலை கிடைத்திருந்தது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில். பத்து வயதில் தலையில் ஏறிய மீன் கூடை நாற்பத்தாறு வயதில் இறங்கப் போகிறது. மாதம் பிறந்தால் சம்பளம், தலைக்கு மேல் மின்விசிறி, உடம்பு முடியாவிட்டால் காட்ட ஒரு இ.எஸ்.ஐ. அட்டை. டாக்டர் கையெழுத்துப் போட்ட உடல்தகுதிச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அதை இரண்டு வாரமாக ஒத்திப்போட்டு, கடைசி நாளான சனிக்கிழமைவரை இழுத்துவிட்டாள். மாலை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால்கூட அசராதவள், ஊசிக்குப் பயந்தாள். "நீயும் குத்திக்கினா நானும் குத்திக்கிறேன்" என்றாள். அதனால் காலை ஏழு மணிக்கே தாம்பரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இரண்டு பேரும் ஆஜர்.

வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அம்மாவுக்கு என்ன வயசு மேடம்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வாயைத் திறந்தால் சுத்தமான தமிழும் பாதி இங்கிலீஷும் வரும். கோபம் வந்தால் மட்டும் குப்பம் வந்துவிடும். "யாருக்கு யாரு அம்மா? அக்கா அது! என்னவிட மூணே மூணு வயசு பெர்சு. உனக்குக் கண்ணு கீதா இல்லியா?"

"உடுடி மவளே" என்றாள் அக்கா, என் கன்னத்தைக் கிள்ளி. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ரத்தம் எடுக்கும் அறையில் ஒரு நர்ஸ், சின்னப் பெண், ஊசியைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். "சாப்டீங்களாக்கா?"

"ஓ! சாப்ட்டேனே" என்றாள் அக்கா.

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க?"

"ஆச்சு" என்றேன் நான்.

சத்தியமாக அது என் வாய்தான். முதல் நாள் இரவு எட்டு மணிக்குமேல் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை நாங்கள்.

இதை எப்படி விளக்குவேன்? கடற்கரைக் குப்பத்தில் எங்கள் அம்மா எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். மீன் கொடுக்கப் போகிற வீட்டில் யார் "சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்டாலும், சாப்பிட்டாச்சு. காது அடைத்தாலும் சாப்பிட்டாச்சு. இல்லை என்று சொன்னால் முந்தாநாள் சோறு வரும், பின்னாலேயே பேச்சு வரும். ஐந்தாவதோடு அக்காவைக் கூடை தூக்க நிறுத்திவிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன். லீவு நாளில் மட்டும் அவர்களோடு கிளம்புவேன். அப்போது எங்களுக்கு அதுவே ஒரு விளையாட்டு. ஒரு வீட்டில் அக்கா "இட்லி" என்பாள். அடுத்த வீட்டில் நான் "இட்லி, வடகறி" என்பேன். தெரு முடியும்போது பிரியாணியும் கேசரியும் வந்திருக்கும். கூடைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். வயிறு வலிக்கும், எதனால் வலிக்கிறது என்று தெரியாது.

"என்னக்கா சாப்டீங்க?" என்றாள் நர்ஸ்.

"நாலு இட்லி" என்றாள் அக்கா. பழக்கம் விடுமா? "வடகறி. அப்பால ஒரே ஒரு பூரி."

"அப்ப இன்னைக்கு ரத்தம் எடுக்க முடியாது. திங்கக்கிழமை வாங்க."

"ஐயோ, பொய்யி!" என்று கத்தினேன். "எங்க அக்கா பொய் சொல்றா மேடம்! நானும் பொய்தான்! நாங்க ஒண்ணுமே துன்னல!"

"சாப்பிட்டுட்டு சாப்பிடலன்னு சொல்றவங்களைத் தினம் பாக்கறேன்" என்றாள் நர்ஸ். "சாப்பிடாம சாப்ட்டேன்னு யாருங்க பொய் சொல்வாங்க?"

நான் எங்கள் வீட்டுச் சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். கதவருகே நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அக்கா தலைகுனிந்து தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல். அந்த நேரத்தில் அவள் வயிறு ஒரு சத்தம் போட்டது பாருங்கள், கடமுடவென்று, வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். நர்ஸே முதலில் சிரித்தாள். "சரி, கையை நீட்டுங்க. உங்க வயிறு உண்மையைச் சொல்லிடுச்சு."

டாக்டர் அறையில்தான் சிரிப்பு நின்றது. டாக்டரும் இளம்பெண். அக்காவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். கேள்வி கேட்டார். எத்தனை வயதில் வேலைக்குப் போனீர்கள்? பத்து. கடைவாய்ப் பல் எங்கே? ஒவ்வொன்றாகப் போயிடுச்சு. தூக்கம்? "எங்க நைனா குடிச்சிட்டு வருவாரு. அவரு தூங்கற வரைக்கும் நான் முழிச்சிகினு இருக்கணும். அவரு போய்ச் சேந்தே இருபது வருசம் ஆவுது. இன்னும் தூக்கம் வரல" என்று, ஏதோ பஸ் லேட் என்பதுபோலச் சொன்னாள் அக்கா. என்மேல் அடி விழும்போது குறுக்கே விழுந்தது யார் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்லதான வளர்ந்தீங்க?" என்று டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சின்ன வயசுல பட்டதெல்லாம் சின்ன வயசோட போயிடாதுங்க. உடம்பு எடுத்து வெச்சுக்கும். போய்ச் சாப்ட்டுட்டு, கொஞ்சம் அமைதியா உக்காந்துட்டு வாங்க. திரும்பப் பாக்கறேன். பிரஷர் இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது."

ஒரே வீடு. ஒரே அம்மா. அதே நைனா. வெளியே வரும்போது எனக்கு இந்தக் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது.

எதிரே இருந்த டிபன் கடையில் உட்கார்ந்தோம். ஆளுக்கு மூன்று இட்லி, ஒரு வடை. அக்கா இரண்டு இட்லியைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்தாள். மூன்றாவதையும் வடையையும் என் தட்டுக்குத் தள்ளினாள். "நீ துன்னு. எனக்கு வயிறு ஃபுல்லு."

நான் சாப்பிடுவதை அப்படியே நிறுத்திவிட்டேன். இந்தப் பொய் வெளியாருக்கு மட்டும் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்? நான் பள்ளிவிட்டு வரும்போது பானையில் கொஞ்சம் சோறு இருக்கும். "நான் மார்க்கெட்டுலயே சாப்ட்டேன், நீ துன்னு" என்பாள் அக்கா. நானும் தின்பேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பள்ளிப் படிப்பு முடியும்வரை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய மூளைக்கு இது உறைக்கவே இல்லை.

"எந்த மார்க்கெட்டுல?" என்று கத்தினேன். "எவன் உனக்குச் சோறு போட்டான்?"

கடைக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பிடிபட்ட திருடி மாதிரி இளித்தாள். "கம்முனு இருடி. பிரஷர் எனக்குன்னு சொன்னாங்க, உனக்கு ஏறுது பாரு!"

"துன்னுக்கா. இப்பவே துன்னு. இல்லனா வடைய எடுத்து உன் வாயில அடைப்பேன்."

தின்றாள். நான் அழுதுகொண்டே அவள் மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயை அவ்வப்போது திறந்து, முழுங்கிவிட்டேன் பார், என்று காட்டினாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து புரை ஏறியது. கடைக்காரர் கேட்காமலே இரண்டு காபி கொண்டுவந்து வைத்தார்.

திரும்பப் பார்த்தபோது அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்று மணிக்கு ரிப்போர்ட் வந்தது. அக்காவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது, ரத்தம் குறைவு. டாக்டர் தாளைப் புரட்டினார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"தினமும் மாத்திரை போடணும். மாசா மாசம் வந்து காட்டணும். ஒரு நாள் விட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"பாஸா டாக்டர்?" என்றாள் அக்கா.

"பாஸ்தான்."

அக்கா சான்றிதழை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மணி மூன்றரை. மறைமலை நகருக்கு ட்ரெயின் பிடித்தால் தாராளமாகப் போய்விடலாம்.

என் ரிப்போர்ட்டை நான் படித்த வேகத்தில் பைக்குள் திணித்தேன். வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் பட்டதில்லை.

"இன்னாடி ஒளிக்கிற?" அக்காவின் முகம் சட்டென்று மாறியது. காலையிலிருந்து தனக்குச் சொன்ன எதற்கும் மாறாத முகம். "இன்னா போட்டுகீது? சொல்லுடி!"

"ஒண்ணும் இல்லக்கா."

"ரத்தம்?"

"நார்மல்."

"சக்கர?"

"நார்மல்."

"பிரஷரு? நெஞ்சு? கிட்னி?"

"எல்லாம் நார்மல்க்கா" என்றேன். "எல்லாமே."

என் பையிலிருந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, ரத்தம் எடுத்த நர்ஸிடம் ஓடினாள். அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தலைகீழாகப் பிடித்திருந்தாள். வரிசையில் இருந்தவர்கள், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா, வாட்ச்மேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே கூச்சல்.

"இத்தப் பாரும்மா! ஒரு கொறை கீதா பாரு! என்னுது கெடக்குது உடு. இது நான் வளத்த உடம்பு!"