பிரம்மநாயகி வீட்டுத் தண்ணீர்

பிரம்மநாயகிக்கு நகையிலோ சேலையிலோ பெருமை கிடையாது. பெருமையெல்லாம் தண்ணீரில்தான். பாளையங்கோட்டையில் அவள் வீட்டு வாசலை யார் மிதித்தாலும், கூரியர்க்காரரே ஆனாலும், தண்ணீர் குடிக்காமல் திரும்ப முடியாது. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைக் காய்ச்சுவது பெற்ற தாய்க்குச் சூடு வைக்கிற மாதிரி என்பது அவள் கட்சி.

பக்கத்து வீட்டுத் தேவமணி டீச்சரோ காய்ச்சி வடிகட்டிக் குடிக்கிறவள். "பொதிகைத் தண்ணிய வேக வச்சுக் குடிக்கியளே டீச்சர், ருசி எங்கன இருக்கும்?" என்று பிரம்மநாயகி கேலி செய்வாள். டீச்சரும் சிரித்துக்கொண்டு, இங்கே வந்தால் மட்டும் மரியாதைக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டுப் போவாள்.

குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது, காய்ச்சிக் குடியுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த வாரம்தான் டீச்சரின் மகள் ரீபா நிறைவயிற்றோடு தாய்வீடு வந்திருந்தாள். தன்னைப் பார்க்க வந்த ரீபாவிடம் பிரம்மநாயகி செம்பை நீட்டினாள்.

"காய்ச்சாம குடிச்சா அம்மா ஏசுவா, பெரியம்மா."

"உங்கம்மா கிடக்கா. புள்ளைக்கும் நம்ம ஆத்துத் தண்ணி ருசி தெரியவேண்டாமாட்டி?"

ரீபா குடித்தாள். அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்றார்கள், வயிற்றுப்பிள்ளையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

பிரம்மநாயகி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். "எங்கன போயி தண்ணி குடிச்சாளோ" என்று டீச்சர் புலம்பிக்கொண்டிருந்தாள். ரீபா கண்ணைத் திறக்காமலே, "பஸ் ஸ்டாண்டுல குடிச்சேம்மா" என்றாள்.

பிரம்மநாயகிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை தனக்காகப் பொய் சொல்ல, தான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றோமே! வீட்டுக்கு வந்ததும் குடத்தைக் கவிழ்த்தாள். உண்மையைச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. டீச்சரின் குரல் கேட்டாலே அடுக்களைக்குள் ஒளிந்தாள்.

காய்ச்சல் இறங்கிய அன்று டீச்சர் நேரே அவளிடம்தான் வந்தாள். "கர்த்தர் காப்பாத்திட்டாருக்கா. புள்ளைக்கும் ஒண்ணுமில்லையாம்."

பிரம்மநாயகி அழுதுவிட்டாள். அந்த வேகத்தில், பழக்கதோஷம், செம்பையும் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிய டீச்சருக்கு விரல் சுட்டது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் காய்ச்சின தண்ணீரை அவள் கண்டதில்லை. செம்பைப் பார்த்தாள். பிறகு பிரம்மநாயகியின் முகத்தைப் பார்த்தாள்.

"ரீபா இங்கன குடிச்சாளாக்கா?"

"அவ வேண்டாம்னுதான் சொன்னா டீச்சர். நாந்தான் குடுத்தேன்."

டீச்சர் செம்பை மேசைமேல் பைய வைத்துவிட்டு, ஒரு மடக்குகூடக் குடிக்காமல் வாசலிறங்கிப் போனாள்.