நைட் ஷிப்ட் வாரம்

என் அம்மாவுக்குச் சத்தமில்லாமல் தேங்காய் உடைக்கத் தெரியும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஈரத்துணியில் காயை இறுக்கச் சுற்றி, பின்வாசல் மண்ணில் வைத்து, குழவியால் ஒரே தட்டு. பக்கத்தில் நிற்கும் எனக்கே 'தொப்' என்றுதான் கேட்கும். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது.

அப்பா ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகடை உள்ளே வைத்து, மிதியை அழுத்தினால் இயந்திரம் இறங்கும். கையை எடுப்பதற்குள் கண் அசந்தால் விரல் போய்விடும். பின் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் போனது. முந்தின நாள் பகலில் அவர் வீட்டில் காதுகுத்து, மனிதர் தூங்கவே இல்லை. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து அப்பாவின் பகல் தூக்கத்துக்கு அவள்தான் காவல்.

அந்த வாரங்களில் குக்கர் பரணுக்குப் போய்விடும். சோற்றை வடிப்பாள். மிக்ஸியை எதிர்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் அரைத்து வருவாள். கடுகு வெடிக்கும்போது மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது ஏதோ திமிறும் கோழி மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தாள். கேட்டில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டித் தொங்கவிடுவாள். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று தெருவுக்கே தெரியும். பக்கத்து ஊரான தளியிலிருந்து கீரையும் பூவும் கொண்டுவரும் அம்மாள் முந்தின வீட்டோடு கூவலை நிறுத்தி, எங்கள் வீட்டைத் தாண்டித்தான் மறுபடி தொடங்குவாள். தெருவில் பாதி வீடு ஷிப்ட் வீடு என்பதால், பிறகு மற்றவர்களும் துண்டு கட்டத் தொடங்கினார்கள்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எதிர்வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அம்மா கற்றுக்கொண்ட முதல் தெலுங்கு வார்த்தையே "படுகுன்னாரு"தான். தூங்குகிறார். யார் வந்து என்ன கேட்டாலும் வாசலிலேயே நின்று கிசுகிசுப்பாக அதைச் சொல்லி அனுப்பிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். "நாமளும் மனுஷங்கதானம்மா" என்பேன். "ஏட்டி, அப்பா தூங்குதாக, மெதுவாப் பேசு" என்பாள். அதுவும் கிசுகிசுப்புத்தான். ஊரில் அவள் குரல் கண்மாய்க் கரைவரை கேட்குமாம். மாமா சொல்லிச் சிரிப்பார்.

நான் கிருஷ்ணகிரியில் கல்லூரிக்குப் போய்வந்த வருடங்களில் ஒருநாள், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், கதவு பூட்டியிருந்தது. கேட்டில் துண்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அடுப்படியில் விழுந்து கிடந்திருக்கிறாள். அப்பா தூங்கி எழுந்து, டீ வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. அவள் எப்போது விழுந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. உலையில் அரிசி போடவில்லை, அவ்வளவுதான் தடயம்.

"காலைலயே வந்தேம்மா, வாங்கிட்டுப் போன ஏனத்தைக் குடுக்கலாம்னு. துண்டு தொங்கினு இருந்துச்சு. சரி, ஐயா தூங்கறாருன்னு செவுத்து மேல வெச்சுட்டுப் போயிட்டேன்" என்று அழுதார் அந்த அக்கா. அவரைச் சொல்லி என்ன? நானாக இருந்தாலும் வைத்துவிட்டுத்தான் போயிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார். "எப்ப விழுந்தாங்க?" அப்பா, ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர் போல, "நான் தூங்கிட்டு இருந்தேன் சார்" என்றார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, உடனே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். மனது கேட்காமல் பெங்களூருக்கும் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே கன்னடத்தில் அதையே சொன்னார்கள். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தோம்.

அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. ஆனால் குரல் போகவில்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண் வலது கையைப் பிடித்துத் தூக்கும்போது அம்மா போடும் சத்தத்தில் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்த அலறலைக் கேட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அப்பாவுக்கோ அது வேறு மாதிரி வலித்தது. அந்தப் பெண் போனபிறகு கட்டிலருகே உட்கார்ந்துகொள்வார். "அன்னைக்கும் இப்படித்தான கத்திருப்பா? எனக்குத்தான் கேக்கலியோ?" என்று என்னைக் கேட்பார். சில சமயம் அவளையே கேட்பார். "கூப்பிட்டியா? சொல்லு, கூப்பிட்டியா?" அம்மா இடது கையால் அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிட முயல்வாள். அதை என்ன பதில் என்று எடுத்துக்கொள்வது?

ஜெனரல் ஷிப்ட் கேட்டு அப்பா கம்பெனியில் நடையாய் நடந்தார். ராத்திரிக்கு வேறு ஆள் இல்லை என்றார்கள். வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை. ஆக, நைட் ஷிப்ட் வாரம் வந்துகொண்டேதான் இருந்தது. அந்தத் துண்டை மட்டும் அவர் கட்டவிடவில்லை. காலையில் வந்து, குளித்து, அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுப்பார். அவள் இடது மணிக்கட்டில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். "எதுனாலும் இழு. ஒடனே எந்திரிச்சிருவேன்" என்பார். அம்மா தலையை ஆட்டுவாள். படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்த எனக்கு, அந்த நாடாவைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் புரண்டு சுவரோரமாகப் போயிருந்ததால் நாடா விறைத்துப் போயிருந்தது. அம்மாவுக்குக் காலில் குரக்களி பிடித்திருந்தது. கெண்டைச் சதை கல்லாக இறுகி, பாதம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. முகமெல்லாம் வியர்வை. தலையணை உறையின் மூலையை வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். இடது கையைக் கட்டிலுக்கு வெளியே, அப்பா இருந்த பக்கமாக, எட்டுகிற மட்டும் நீட்டி வைத்திருந்தாள். முதலில் அவரைத் தொடத்தான் முயல்கிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. நாடா அவர் கையை இழுத்துவிடக் கூடாதென்று நீட்டி வைத்திருந்தாள்.

நான் காலைப் பிடித்து நீவிவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளை உலுக்கி, 'உனக்கு உன் உசுரு பெரிசில்லையா, அந்தாளு தூக்கந்தான் பெரிசா?' என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவர் எழுந்துவிடுவாரே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். குரக்களி விட்டதும் தலையணை உறையை அவள் வாயிலிருந்து எடுத்தேன். கிழிந்திருந்தது. அதைத் தைத்துப் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

அதற்கடுத்த மாம்பழ சீசனில் அம்மா போய்விட்டாள். காய்ச்சல் வந்து, சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரியில். நாங்கள் இரண்டு பேரும் முழித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தோம். முழித்திருந்து என்ன செய்தோம்? பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அப்பா பிறகும் கொஞ்ச காலம் வேலைக்குப் போனார். எங்கள் வீட்டில் குக்கர் சத்தமாகவே விசில் அடித்தது, மிக்ஸி ஓடியது, அவர் அத்தனையிலும் தூங்கினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, வழக்கமான கேள்வியைத்தான் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு அவ கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்லா?"

இத்தனை நாளும் தெரியவில்லை என்றே சொல்லி வந்த எனக்கு அன்று என்ன தோன்றியதோ. அவர் மனதிலிருந்து அந்த ஒரு பாரத்தையாவது இறக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

"கண்டிப்பாக் கேட்டிருக்கும்ப்பா. நீங்க எந்திரிச்சிருப்பீங்க."

அவர் தலையை ஆட்டினார். டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். சின்னப் பிள்ளை கேட்பது போல என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப ஏன் கூப்பிடல?"