பாதித் தேங்காய் பன்

எங்கள் வீட்டிலிருந்து கோதுமை நாடு கடத்தப்பட்டபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அம்மாவுக்கு நரம்பில் நோய். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடுமாம். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சங்ககிரியில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அப்பா, கோதுமையை விட்டால் இந்த நோய் ஓடியே போய்விடும் என்று கைபேசியில் யாரோ பேசியதைக் கேட்டார். அன்றே ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்து, அதிலும் மைதா இருப்பதைக் கண்டுபிடித்து வெளியே எறிந்தார். மலைக்கு மாலை போட்டவர்கூட அத்தனை கண்டிப்பாக இருந்திருக்கமாட்டார். எங்கள் ரசம் மணமில்லாமல் போனது.

அம்மாவும் சரியென்று தலையாட்டினாள். ஆனால் அவளுக்குத் தேங்காய் பன் என்றால் உயிர். வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குக் கொடுத்த தேங்காய் பன் துண்டைத் தின்னாமல் கர்சீப்பில் சுற்றி எடுத்துவந்து, குழாயடியில் வைத்து அம்மாவிடம் நீட்டினேன்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு உட்டுருவாரு சாமி," என்றாள். பிறகு பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். மீதியை நான் தின்றேன். இரண்டு களவாணிகளும் வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே போனோம்.

மூன்றாம் நாள் காலை அதே குழாயடியில் அம்மா குடத்தோடு விழுந்தாள். இடது கால் அசையவே இல்லை.

நான் கொடுத்த பன்தான் அம்மாவின் காலைத் தின்றுவிட்டது என்று நம்பினேன். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி நெடுக அவள் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரே ஒரு முறை அசைந்தால் ஆயுசுக்கும் பன் பக்கம் திரும்பமாட்டேன் என்று தெரிந்த சாமிகளிடமெல்லாம் வேண்டிக்கொண்டேன். அசையவில்லை.

டாக்டரம்மா முழங்காலில் தட்டிப் பார்த்து நிமிர்வதற்குள், "நாந்தானுங்க பன்னு குடுத்தேன்," என்று அழுதுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "கோதுமை சில பேருக்கு ஒத்துக்காது. ரத்தத்துல பார்த்தாச்சு, உங்கம்மாவுக்கு அது இல்ல. கோதுமைய விட்டா இந்த நோய் போயிரும்னு உறுதியா சொல்ல இதுவரைக்கும் ஆதாரமும் இல்ல. பாதி பன்னுல கால் விழாது பாப்பா." பிறகு அப்பாவைப் பார்த்து, "வாரா வாரம் போடுற ஊசியப் போட்டுட்டுதான இருக்கீங்க?" என்று கேட்டார்.

அப்பா நகத்தில் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்டைச் சுரண்டினார்.

அந்த ஊசி போட்டால் அம்மாவுக்குக் குளிரும் காய்ச்சலும் வரும். அதான் கோதுமைய உட்டுட்டமே, இனி எதுக்கு இந்த வேதனை என்று நிறுத்தியவர் அப்பாதான். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நாந்தானுங்க வேண்டாம்னேன்," என்றாள் அம்மா. "போட்டுக்கச் சொல்லி அவரு எவ்வளவோ கெஞ்சுனாரு. நாந்தான் கேக்கல."

அம்மா கூசாமல் பொய் சொன்னாள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கால் விழக் காரணம் பன் இல்லை, நான் இல்லை, அதுவே போதும். அம்மாவைப் படுக்கையில் சேர்த்த கையோடு, வெட்கமே இல்லாமல் அப்பாவிடம் பன் கேட்டேன்.

அவர் இரண்டு வாங்கிவந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் பிய்த்து அம்மாவுக்கு ஊட்டினார். அந்தக் கால் திரும்பிவரப் பல நாளாயிற்று. நான் அன்று அவள் காலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, உள்ளேயிருந்த தேங்காயை முதலில் தின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. பெயின்ட் நெடி ஏறினால் அவருக்கு எப்போதும் அப்படித்தான் ஆகும், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அவர் பட்டறைக்கே போகவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.