உவர்த் தண்ணீரில் தோய்த்த உளி

கோப்பாயில் ஓர் இரும்புப் பட்டறையில் ஏழு மாதம் இருந்தேன். ஓரிடத்தில் அவ்வளவு காலம் நான் நிற்பதில்லை. லொறியின் பழைய வில்லுத் தகட்டை வெட்டி, கிணறு வெட்டுகிறவர்களுக்குக் கல்லுளி அடிப்பது வேலை.

உளியின் வாயைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் உருக்கு இறுகும். ஆனால் அது கண்ணாடியின் இறுக்கம், அடித்தால் உடையும். மறுபடி இளஞ்சூடு காட்டி, வாய் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது எடுத்துவிட வேண்டும். இறுக்கம் சற்றுக் குறையும், அடி தாங்கும். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இவ்வளவும் தெரியும்.

அன்று எண்ணெய் வாளி கவிழ்ந்துவிட்டது. பட்டறைக் கிணறு உவர். அந்தத் தண்ணீரிலேயே இரண்டு உளிகளைத் தோய்த்தேன். உப்புத் தண்ணீர் சூட்டை ஒரேயடியாகப் பறித்துவிடும். வெளிப்பக்கம் இறுகிவிட, உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கும்; அந்த இழுபறியில் உருக்கு வெடிக்கும். வாளிக்குள் ‘டிக்’ என்றொரு சத்தம் கேட்டது. தூக்கிப் பார்த்தேன், கண்ணில் எதுவும் படவில்லை. சூடு காட்டி, தீட்டி, இரண்டையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

அந்தச் சத்தம் என்னை விடவில்லை. மறுநாள் காலை, ஓர் உளியை வாங்கிப்போனவர் கிணறு வெட்டும் தோட்டத்துக்குச் சைக்கிளில் போனேன். அவர் மேலே ஏறி வந்தார். கண்ணுக்குக் கீழே இரத்தம்.

“பொல்லாத கல்லடாப்பா. உளி தெறிச்சிட்டுது. அரை விரல் மேலை பட்டிருந்தா உன்ரை மூஞ்சையைப் பாதிதான் பாத்திருப்பன். அதுவும் லாபந்தான்.”

“கல்லிலை பிழையில்லை, அண்ணை. உவர்த் தண்ணியிலை தோய்ச்சனான். வெடிச்ச சத்தமும் கேட்டது.”

சிரிப்பு நின்றது. “கேட்டிட்டே தந்தனீ?”

“ஓம்.”

உளியைத் திருப்பினார். உளியின் உடைந்த முகத்தில் பாதி பளபளத்தது, பாதி கறுத்திருந்தது. கறுத்த பாதி பட்டறையிலேயே வெடித்து, பிறகு நான் காட்டிய சூட்டில் கறுத்தது.

“மற்ற உளி ஆரிட்டை?”

அதை வாங்கிப்போனவர் முன்பின் தெரியாத ஒருவர். உடுப்பிட்டிப் பக்கம் கிணறு என்றார். பெயரோ போன் நம்பரோ நான் கேட்கவில்லை.

“அப்ப இஞ்சை ஏன் நிக்கிறாய்? போய்த் தேடு!”

உடுப்பிட்டியில் மூன்று நாள் சுற்றினேன். கல்லில் அடி விழும் சத்தம் கேட்ட வளவுகளையெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு வீட்டில் கள்ளன் என்று நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஆளைக் காணவில்லை.

பட்டறைக்கு நான் திரும்பவில்லை. இன்றும் எந்த ஊரிலாவது கிணறு வெட்டுகிறவர்களைக் கண்டால், முதலில் அவர்களின் கண்களைத்தான் பார்க்கிறேன்.